முகம் கழுவின கதை

போன மாசம் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்துச்சு. சென்னையில வேலை பார்க்கிற மக ஆர்டர் போட்டு அனுப்பினது. உள்ளே ஒரு வெள்ளை புட்டி, கால் லிட்டருக்கும் கொஞ்சம் கம்மி. விலை ஆயிரம் ரூபாய்க்குச் சில்லறை குறைவு. கொள்முதல் நிலையத்துல 2025-26 சீசனுக்கு சாதா ரக நெல் குவிண்டால் 2,500 ரூபாய். ஒரு சிப்பம்னா 40 கிலோ, கணக்குப் போட்டா ஆயிரம் ரூபாய். ஒரு சிப்பம் நெல்லைக் கொடுத்து முகம் கழுவுற நிலைமைக்கு வந்துட்டேன்.

ஐம்பது தாண்டின சம்சாரிக்கு எதுக்கு ஃபேஸ் வாஷ்னு நீங்க கேட்கலாம். எங்க தெருவுலயும் அதைத்தான் கேட்டாங்க.

காரணம் பார்த்தீனியம். காரட் இலை மாதிரி இலை, சின்னச் சின்ன வெள்ளைப் பூ. நீங்க பஸ்ல ஊருக்கு வரும்போது ரோட்டோரத்துல மைல் கணக்கா பார்த்திருப்பீங்க. 1950களின் நடுவுல புனே பக்கம் முதல்ல கண்ணுல பட்டது, அமெரிக்க கோதுமையோட வந்து இறங்கினதுன்னு சொல்றாங்க. இப்ப அது இல்லாத வாய்க்கால் கரை கிடையாது. அதைத் தின்ன வைக்க மெக்சிகோவுலேருந்து ஒரு வண்டைக் கொண்டாந்து 1984ல பெங்களூர்ல விட்டாங்க. வண்டு தின்னுது, செடி அதைவிட வேகமா முளைக்குது. பல வருஷம் வெறுங்கையால பிடுங்கிப் போட்டவன் நான். ஒண்ணும் ஆகல. நாலு வருஷம் முன்னாடி திடீர்னு கண் இமை, கன்னம், கழுத்து எல்லாம் சிவந்து, தடிச்சு, அரிப்பு. செடியைத் தொடவே வேணாம், காத்துல அதோட தூசி பட்டாலே போதும். தஞ்சாவூர் தோல் டாக்டர், "இது ஒரு தடவை ஒத்துக்காம போச்சுன்னா அப்புறம் எப்பவும் ஒத்துக்காது. வயல்லேருந்து வந்த உடனே முகத்தைக் கழுவிடுங்க"ன்னு சொன்னாரு.

கழுவினேன். குளிக்கிற சோப்பைப் போட்டு நல்லா தேய்ச்சுக் கழுவினேன். பத்து நாள்ல தோல் காஞ்ச வயல் மாதிரி வெடிச்சுப் போச்சு. கழுவாம விட்டா தூசி எரியுது, கழுவினா சோப்பு எரியுது. நடுவுல மக ஒரு தடவை விலை கூடின 'இயற்கை' ஃபேஸ் வாஷ் ஒண்ணு வாங்கியாந்தா. எலுமிச்சை எண்ணெய், கமகமன்னு வாசனை, கை நிறைய நுரை. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல. முகத்துல மிளகாய்த் தூள் அப்பின மாதிரி இருந்துச்சு.

இந்த ரெண்டாவது புட்டி வேற மாதிரி. வாசனை கிடையாது. நுரையே வரல. கஞ்சித்தண்ணி மாதிரி வழவழன்னு இருக்கு. முகத்துல தடவிட்டு, "ஏம்மா, உன்னை ஏமாத்திட்டாங்க போல, இதுல சோப்பே இல்ல"ன்னு போன் பண்ணினேன். "ஆமாப்பா, அதுல சோப்பு இல்ல. அதுக்குத்தான் அந்த விலை"ன்னா.

சோப்பு இல்லாததுக்கு ஒரு சிப்பம் நெல்லா! அன்னைக்கு ஆரம்பிச்சு கிடைச்ச புத்தகம், மக அனுப்புன கட்டுரைன்னு படிச்சதுதான் கீழே எழுதியிருக்கிறது.

எங்க அப்பாயி சோப்பு போட்டு முகம் கழுவி நான் பார்த்ததில்ல. தை மாசம் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி, நிக்கிற நெல்லுக்குள்ளேயே பயறையும் உளுந்தையும் தெளிச்சு விடுவோம். ஈரத்துலயே முளைச்சு வந்துடும், எழுபது நாள்ல காய் பறிக்கலாம். அந்தப் பச்சைப்பயறுல உடைசலா வர்றதை எடுத்து, வெயில்ல காயவெச்சு திரிகையில அரைச்சு ஒரு தகர டப்பாவுல வெச்சிருக்கும். அதுதான் முகத்துக்கு. தலைக்கு சீயக்காயை வடிகஞ்சியில கரைச்சுத் தேய்க்கும். மதுரை, கொங்குப் பக்கம் உசிலை இலையைப் பொடிச்ச அரப்பு. நகை, பட்டுப்புடவைக்குப் பூந்திக்கொட்டை. சலவைத் தொழிலாளிங்க உவர்மண் எடுத்து வந்து வெள்ளாவி வைப்பாங்க.

இதுல ரெண்டு ஜாதி மருந்து இருக்கு, கவனிங்க. உவர்மண் காரம். துணி தாங்கும், தோல் தாங்காது. நம்ம ஆளுங்க அதை முகத்துப் பக்கம் கொண்டு போனதே இல்ல. சீயக்காயிலயும் பூந்திக்கொட்டையிலயும் இருக்கிறது சபோனின். அதோட ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், இன்னொரு முனை தண்ணியைப் பிடிக்கும், அழுக்கு கழண்டு வந்துடும். வேலை சோப்பு செய்யுற அதே வேலைதான், ஆனா அந்தத் தண்ணி காரமா இருக்காது, லேசான புளிப்புப் பக்கம் நிக்கும். பயத்தமாவு எண்ணெய்ப் பிசுக்கை மாவுல ஒட்டவெச்சு எடுத்துட்டு வந்துடும்.

அதுக்காக அப்பாயி டப்பாவே அமிர்தம்னு நான் எழுத வரல. சனிக்கிழமை சீயக்காய் கண்ணுல பட்டு நான் கத்தின கத்தல் எங்க வாய்க்காலுக்கே தெரியும். செடியிலேருந்து வந்தாலே மென்மைன்னு நினைக்கிறவங்க ஒரு தடவை பார்த்தீனியத்தைப் பிடுங்கிப் பார்க்கட்டும்.

சோப்புக்கு வருவோம். எண்ணெயோ கொழுப்போ ஒரு பக்கம், காரம் ஒரு பக்கம், ரெண்டையும் கொதிக்க வெச்சா சோப்பு. ரொம்ப காலம் அந்தக் காரம் மரச்சாம்பல்லேருந்தும் கடல்பாசிச் சாம்பல்லேருந்தும்தான் வந்துச்சு. 1791ல பிரான்சுல நிக்கோலா லெப்ளாங் சாதா உப்புலேருந்து சோடா எடுக்கிற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதுக்கப்புறம் காரத்துக்குப் பஞ்சமில்ல. மிஷேல் ஷெவ்ரல் என்கிற இன்னொரு பிரெஞ்சுக்காரர், கொழுப்புக்குள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுப் பார்த்து 1823ல புத்தகம் போட்டார். கொழுப்புன்னா கொழுப்பு அமிலமும் கிளிசரினும் சேர்ந்தது, காரம் போட்டா அமிலம் சோப்பாகும், கிளிசரின் தனியா பிரியும்னு காட்டினது அவர்தான். மனுஷன் 102 வயசு வரைக்கும் இருந்தார்.

இந்தக் கிளிசரினை மறந்துடாதீங்க. தண்ணியை இழுத்துப் பிடிச்சு வெச்சுக்கிற குணம் அதுக்கு. தோலுக்கு நல்லது. பெரிய சோப்பு ஆலைகள் அதைப் பிரிச்செடுத்து மருந்துக்கும் வெடிமருந்துக்கும் தனியா வித்தாங்க. பால்ல வெண்ணெயை எடுத்துட்டு நமக்கு ஊத்துற மாதிரி. இன்னைக்கு என் புட்டியில ரெண்டாவதா எழுதியிருக்கிற சரக்கு அந்தக் கிளிசரின்.

'மென்மையான சோப்பு'ன்னு ஒண்ணைத் தனியா விலை வெச்சு வித்த கதை லண்டன்ல நடக்குது. ஆண்ட்ரூ பியர்ஸ், கார்ன்வால்ல மேவகிஸ்ஸி என்கிற ஊர்லேருந்து வந்த ஒரு விவசாயி மகன். 1789 வாக்குல லண்டன் சோஹோ பகுதியில முடிதிருத்தும் கடை வெச்சார். வர்ற பணக்காரப் பெண்கள் எல்லாரும் முகத்துக்குக் காட்டமான சோப்பும் பவுடரும் போட்டுத் தோலைக் கெடுத்துக்கிறதைப் பார்த்தார். சோப்பைச் சுத்தம் பண்ணி, கண்ணாடி மாதிரி தெரியுற, லேசா பூ வாசம் வர்ற கட்டியா பண்ணினார். 1807லேருந்து அது விக்குது. நம்ம கடையில இன்னைக்கும் இருக்கிற அதே பியர்ஸ்தான்.

அந்தப் பெண்கள் ஏன் முகத்தை அந்தப் பாடு படுத்தினாங்க தெரியுமா? வெளுப்பா இருக்கணும்னு. முகம் கறுத்திருந்தா வெயில்ல நின்னு வயல் வேலை பார்க்கிற ஜனம்னு ஆயிடுமாம். விவசாயி மகன் ஒருத்தர், விவசாயி மாதிரி தெரியக்கூடாதுன்னு நினைச்சவங்களுக்காக சோப்பு செஞ்சு பெரிய ஆளானார். இதைப் படிச்சப்போ நான் கொஞ்ச நேரம் திண்ணையில சும்மா உட்கார்ந்திருந்தேன். பின்னாடி அந்தக் கம்பெனியோட விளம்பரங்கள் இன்னும் மோசமாச்சு. 1880கள்ல ஒரு கறுப்புக் குழந்தையைத் தொட்டியில கழுவினா வெள்ளையாகிற மாதிரி படமே போட்டாங்க. சோப்பு வெள்ளைக்காரனோட நாகரிகம்னு உலகம் பூரா வித்த காலம் அது.

நம்ம பக்கம் வந்ததும் அந்தக் காலத்துலதான். 1888ல கல்கத்தா துறைமுகத்துல லீவர் சகோதரர்களோட சன்லைட் சோப்புப் பெட்டிகள் வந்து இறங்கின. 1895ல லைஃப்பாய். அப்புறம் இங்கேயே செய்ய ஆரம்பிச்சாங்க. முதல் உலகப்போர்ல ஐரோப்பாவுக்கு அனுப்ப முடியாம மைசூர்ல சந்தனக்கட்டை தேங்கிப் போக, மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விஸ்வேஸ்வரய்யாவும் 1916ல சந்தன எண்ணெய் எடுக்க ஏற்பாடு பண்ணினாங்க, மைசூர் சாண்டல் சோப்பு அதுலேருந்து பிறந்தது. டாடா கம்பெனிக்காரங்க 1917ல எண்ணெய் ஆலைக் கம்பெனி ஆரம்பிச்சு எர்ணாகுளத்துல கொப்பரை ஆட்டினாங்க. அந்த இடத்துக்கு டாடாபுரம்னே பேர். ஹமாம் அவங்க சோப்பு, 1931ல வந்தது.

எங்க வீட்டுக்கு அந்த ஹமாம்தான் வந்துச்சு. நான் சின்னப் பையனா இருந்தப்போ ஒரு கட்டி, ஏழு பேருக்கு. அப்பா குளிச்சு முடிச்சு சோப்பு டப்பாவை மாடக்குழியில வெச்சுட்டா எடுக்கப் பயமா இருக்கும். ஆத்துல குளிக்கிறப்போ யாருக்கு எவ்வளவு நுரை வருதுன்னுதான் போட்டி. அப்பாயி மட்டும் ஓரமா நின்னு மாவைப் பூசிட்டு இருக்கும். அதைப் பார்த்து எங்களுக்கு வெட்கமா இருந்துச்சு. பள்ளிக்கூடத்துல கூட சோப்பு வாசம் வர்ற பையன்தான் முன் பெஞ்சு. நுரை வந்தா சுத்தம்னு அப்பவே மண்டையில ஏறிடுச்சு.

உழைக்கிறவங்க தோலை நினைச்சு ஒரு சோப்பு வந்ததை நான் படிச்சவரையில 1969லதான் பார்க்கிறேன். சென்னையில ரயில்வே டாக்டரா இருந்த வி.பி.சித்தன், தன்கிட்ட வர்ற தொழிலாளிங்க தோல் வியாதிக்காக வீட்டுலயே மூலிகை எண்ணெய் போட்டு சோப்பு காய்ச்சினார். அதுதான் மெடிமிக்ஸ்.

சரி, சோப்பு ஏன் எரியுது? 1928ல ஷாடே, மார்க்கியோனினின்னு ரெண்டு ஜெர்மன் டாக்டர்கள் தோலோட மேல்பரப்பு லேசான அமிலத்தன்மையில இருக்குன்னு அளந்து சொன்னாங்க. அதுக்கு 'அமிலப் போர்வை'ன்னு பேரும் வெச்சாங்க. நீங்க மண் பரிசோதனை அட்டையில பார்த்திருக்கிற அதே பி.ஹெச். கணக்குதான். ஏழு நடுநிலை. நல்ல தோல் ஐந்தை ஒட்டி இருக்கும். சோப்புத் தண்ணி ஒன்பது, பத்து. களர் நிலத்துல பயிர் படுற பாட்டை நினைச்சுக்கோங்க. ஆரோக்கியமான தோல் சோப்பு போட்டதுக்கப்புறம் சில மணி நேரத்துல தன் புளிப்பை மீட்டுக்கும். என்னோடது மாதிரி ஏற்கெனவே புண்பட்ட தோல் மீள்றதுக்குள்ள அடுத்த தடவை சோப்பு போட்டுடுறோம். தோலைக் காக்கிற எண்ணெயும் அழுக்கோட சேர்ந்து போயிடுது. வேலி போன வயல்ல ஆடு புகுந்த மாதிரி, அந்த இடுக்கு வழியாத்தான் பார்த்தீனியத் தூசியும் உள்ளே போகுது.

போர் தண்ணி இதுக்கு இன்னொரு கேடு. அப்பல்லாம் ஆத்துத் தண்ணி, மெதுவான தண்ணி. இப்ப எங்க ஊர்ல முக்கால்வாசி வீட்டுல போர். சுண்ணாம்புச்சத்து கூடின தண்ணியில சோப்பு நுரைக்காது, வெள்ளையா திரிஞ்சு படியும். வாளி ஓரத்துல ஒட்டுற அந்தப் பிசுக்குதான் முகத்துலயும் ஒட்டுது.

இந்தச் சிக்கலுக்கு வழி வேறொரு பஞ்சத்துல பிறந்துச்சு. முதல் உலகப்போர்ல ஜெர்மனிக்குள்ள கொழுப்பு வரத்து நின்னு போச்சு. தின்னவே கொழுப்பில்லாதப்போ சோப்புக்கு எங்க போறது? கொழுப்பு இல்லாம அழுக்கு எடுக்கிற பொருளை வேதியியல் ஆட்கள் தேட ஆரம்பிச்சாங்க. 1930கள்ல அந்த வகை சலவைத்தூள்கள் ஜெர்மனியிலயும் அமெரிக்காவுலயும் கடைக்கு வந்துடுச்சு. உப்புத் தண்ணியிலயும் வேலை செய்யும், காரம் கிடையாது. ஆனா காரம் இல்லேங்கிறதால எல்லாமே மென்மைன்னு ஆகாது. அதுல ஒண்ணு சோடியம் லாரில் சல்ஃபேட். நல்லா நுரைக்கும், தோல் எண்ணெயை உரிச்சு எடுத்துடும். தோல் எரிச்சலை ஆராய்ச்சி பண்ணுறவங்க வேணும்னே எரிச்சல் உண்டாக்க இன்னைக்கும் அதைத்தான் எடுத்துக்கிறாங்க. அந்த லாரில் எதுலேருந்து வருது? தேங்காய் எண்ணெயிலேருந்தும் பனைவகை எண்ணெயிலேருந்தும். தேங்காய் எண்ணெயில பாதிக்குக் கிட்ட லாரிக் அமிலம்தான்.

1947ல அமெரிக்காவுல டெக்சாஸ் பக்கம் ஒரு மருந்தாளர், நோயாளிங்க தோலுக்காக நுரையைப் பத்திக் கவலைப்படாம, பால் மாதிரி ஒரு திரவத்தைக் கலந்தார். அதுதான் செட்டாஃபில். ரொம்ப வருஷம் டாக்டர் சீட்டு மூலமாத்தான் ஜனங்களுக்குத் தெரியும். 1957ல டவ் கட்டி வந்துச்சு, பார்க்க சோப்பு, உள்ளே பெரும்பகுதி சோப்பு கிடையாது.

எது மென்மைன்னு அளந்து பார்க்கிற முறை 1979லதான் வந்தது. பீட்டர் ஃப்ராஷ், ஆல்பர்ட் கிளிக்மேன் ரெண்டு பேரும் ஆட்களோட முன்கையில சின்ன அலுமினியக் குப்பிக்குள்ள சோப்புக் கரைசலை வெச்சு, ஐந்து நாள் விட்டு விட்டுக் கட்டி, எவ்வளவு சிவக்குது, எவ்வளவு வெடிக்குதுன்னு மதிப்பெண் போட்டாங்க. கடையில மென்மைன்னு வித்த பல சோப்புகள் அதுல தோத்துப் போச்சு. இதே கிளிக்மேன் அதுக்கு முன்னாடி இருபது வருஷத்துக்கும் மேல ஃபிலடெல்ஃபியாவுல ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிங்க தோல்ல என்னென்னவோ தடவி சோதனை பண்ணினவர். பெரும்பாலும் கறுப்பு ஜனங்க. 1974ல அதை நிறுத்தினாங்க. தோலைப் பத்தி இன்னைக்குத் தெரிஞ்சதுல எவ்வளவு அந்தச் சிறைக்குள்ளேருந்து வந்ததுன்னு நினைச்சா புட்டியைக் கையில எடுக்கவே ஒரு மாதிரி இருக்கு.

என் புட்டிக்கு வர்றேன். மக சொல்லிக் கொடுத்தபடி முதல்ல காது மடலுக்குப் பின்னாடி ஒரு சொட்டு, அப்படியே மூணு நாள் பார்த்தேன். எரியல. அப்புறம் முகத்துக்கு. வயல்லேருந்து வந்ததும் வெறும் தண்ணியால ஒரு தடவை அலம்பிட்டு, இதைக் கையில எடுத்துத் தேய்க்காம தடவி, கழுவி, துண்டால ஒத்தி எடுக்கிறேன். முதல் வாரம் அழுக்கு போச்சான்னே சந்தேகம், நுரை இல்லாம மனசு ஒப்பல. ரெண்டாவது வாரம் இமை வீக்கம் வத்திச்சு. கன்னம் வெடிச்சது மூடிக்கிச்சு. கழுத்து இன்னும் முழுசா ஆறல, டாக்டர் கொடுத்த களிம்பும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அதனால எது எவ்வளவு செஞ்சதுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது.

சும்மா விடுவேனா? அப்பாயி வைத்தியத்தையும் பார்த்துடலாம்னு பயறை மிஷின்ல அரைச்சு, மெல்லிசு துணியில சலிச்சு, இடது கன்னத்துல மட்டும் போட்டேன். எரிச்சல் இல்ல. ஆனா மூணாம் நாள் அந்தப் பக்கம் சிவந்துச்சு. மாவு குருணை குருணையா உரசுது. வெடிச்ச தோலுக்கு அது உப்புத்தாள் மாதிரி. நல்ல தோல் இருக்கிற என் வீட்டுக்காரிக்கு அதே மாவு சுகமா இருக்கு. "என்னங்க, அந்தப் புட்டியை உங்களோட வெச்சுக்குங்க, எனக்கு இதே போதும்"னு டப்பாவை எடுத்துட்டுப் போயிட்டா.

புட்டி பின்னாடி எழுதியிருக்கிறதை பூதக்கண்ணாடி வெச்சுப் படிச்சேன். தண்ணி, கிளிசரின், செட்டைல் ஆல்கஹால்னு போகுது. ஆல்கஹால்னு பேர் இருந்தாலும் அது சாராயம் இல்ல, எண்ணெயிலேருந்து எடுக்கிற மெழுகு மாதிரி ஒரு சரக்கு. அதுக்கப்புறம் 'கோகோ'ன்னு ஆரம்பிக்கிற ஒரு நீளப் பேர். கோகோன்னா தேங்காய். எங்க கொல்லையில பதினோரு தென்னை நிக்குது. வியாபாரி வந்து காய்க்குக் காசு பேசுறப்போ நான் எப்பவும் ரெண்டு ரூபாய்க்கு மல்லுக்கட்டுறவன். அடுத்த தடவை இந்தப் புட்டியைத் திண்ணையில வெச்சுக்கிட்டுப் பேசலாம்னு இருக்கேன்.

புட்டி பாதி ஆயிடுச்சு. வயலுக்குப் போற நாள் மட்டும்தான் இப்ப போடுறேன், மத்த நாள் வெறும் தண்ணி. வாய்க்கால் கரையில பார்த்தீனியம் மறுபடி மொட்டு விட்டிருக்கு. பூ விரியறதுக்குள்ள பிடுங்கணும். நாளைக்கு ரெண்டு பேர் வர்றாங்க, ஒருத்தர் பொம்பளை ஆள். மூணு ஜோடி ரப்பர் கையுறை, முகத்துல கட்ட மூணு துண்டு எடுத்து வெச்சிருக்கேன். வேலை முடிஞ்சு அவங்க கழுவிக்கிறதுக்கும் இந்தப் புட்டியையே பம்ப் செட் திண்டுல வைக்கச் சொல்லியிருக்கேன்.